பெட்டிகளுக்கு நாங்கள் வைத்த பேர்

முண்டகக்கண்ணி அம்மன் துணை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள்ளேயே ஒரு இழுபறி. இரண்டு முறை பேனாவை எடுத்துவிட்டு, நமக்கெதற்கு என்று மூடி வைத்திருக்கிறேன். முதலாவது, எனக்கு எழுத வராது. பத்தாவது வரைதான் படிப்பு. அதிலும் கணக்கில் இரண்டாம் தடவைதான் தேறினேன். இரண்டாவது, இதில் சாமி பேர் வருகிறது, எங்களுக்குச் சோறு போட்ட முதலாளியின் பேச்சு வருகிறது. அவர் இருக்கும்போது எழுதினால் அவர் மனசு நோகும். போன பிறகு எழுதினால், எதிர்த்துப் பேச ஆளில்லாதவரைப் பற்றிப் பேசிய மாதிரி ஆகும். இப்படியே காலம் போய்விட்டது.

சமீபத்தில் என் மருமகள் கைபேசியை வைத்துக்கொண்டு வீட்டு விளக்கைப் போட்டாள். திரையில் 'பூஜை ரூம் லைட்', 'ஹால் ஃபேன்' என்று வரிசையாக இருந்தது. "இந்தப் பேரெல்லாம் யார் வெச்சதும்மா?" என்று கேட்டேன். "நான்தான் அத்தை. வாங்கினப்போ ஏதோ எழுத்தும் நம்பருமா இருந்துச்சு. எது எதுன்னே தெரியல. மாத்திட்டேன்" என்றாள். கையலம்புகிற நேரத்தில் மாற்றியிருக்கிறாள். எங்கள் காலத்தில் அந்த மாற்றம் வருவதற்குள் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கூட வேலை பார்த்த பிள்ளைகளும் எழுதுங்கள் அக்கா, எழுதுங்கள் அக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனி தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்தது. தீபாவளி சமயத்தில் அந்தக் கூட்டத்தில் நீந்தி மாடி ஏறுவதற்குள் கட்டின புடவை கசங்கிவிடும். ஆஸ்பத்திரி, பெரிய ஓட்டல் மாதிரி இடங்களில் ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, மருந்து ஃப்ரிட்ஜ், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிக்கச் சாமான் செய்து கொடுத்தோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பெட்டியிலிருந்து ஒயர் போய் ஒரு கம்ப்யூட்டரில் சேரும். எங்காவது ஒன்று குறைந்தால் திரையில் சிவப்பு எழுத்து மினுக்கும். தொண்ணூறுகளில் அது பெரிய விஷயம்.

நான் ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அவர் ஒருவர் சம்பளத்தில் மயிலாப்பூரில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியவில்லை என்பதால் வந்தேன். முதல் வருஷம் விரல் நுனியெல்லாம் சூடு. ரெசின் புகை தலைமுடியில் ஏறி, கோயிலில் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்புவார்கள். பிறகு கை பழகியது. ஒயரிங், பிறகு டெஸ்டிங் என்று மேலே வந்தேன். தொழில் கற்ற வருஷங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

டெஸ்டிங்குக்குத் தலைவர் மணிமாறன் சார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் கோயில் வாசலை மிதிக்காதவர். நெற்றியில் எதுவும் இருக்காது. ஆயுத பூஜையன்று எங்கள் எல்லோருடனும் உட்கார்ந்து பொரி மட்டும் சாப்பிடுவார். கேட்டால், "பொரி மேல எனக்கு ஒரு சண்டையும் இல்லம்மா" என்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். நான் வைத்த ஒவ்வொரு சால்டரையும் ஒரு பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார். அசைந்தால் திட்டமாட்டார். குச்சியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அந்தக் குச்சியைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். கூட்டுகிற அம்மாவில் இருந்து முதலாளி வரை எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

முதலாளி அதற்கு நேர் எதிர். வடக்கு மாட வீதிப் பக்கம் வீடு. காலையில் கபாலியையும் கற்பகாம்பாளையும் பார்க்காமல் மாடி ஏறமாட்டார். எங்கள் கம்பெனிக்கென்று அவர் ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தார். புதிதாக ஒரு வகைப் பெட்டி செய்து, அதன் விளக்கு முதன்முதலில் எரியும்போது, அவர் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு சாமி பேர் சூட்டுவார். உயிர் கொடுக்கிற ஆக்சிஜன் பெட்டிக்குக் கற்பகம். குளிர்ச்சியாக இருக்க வேண்டிய மருந்து ஃப்ரிட்ஜ் பெட்டிக்கு மாரி. உறுமுகிற ஜெனரேட்டர் பெட்டிக்குப் பைரவர். தண்ணீர்த் தொட்டிக்குக் கங்கா. எங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. 'மாரிக்கு மூடி போட்டாச்சா', 'பைரவர் நேத்து முழுக்க ஓடினார்' என்றுதான் பட்டறையில் பேசிக்கொள்வோம். என்னமோ வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

புரோகிராம் எழுதியவன் கோபி. நங்கநல்லூர்ப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன், வாய்த்துடுக்கு. பெட்டிகளுக்கு வேறு பேர் யாரும் அவனிடம் சொல்லாததால் இந்தப் பேர்களையே புரோகிராமில் போட்டான். பெட்டியிடமிருந்து தகவலே வராவிட்டால் திரையில் 'டெட்' என்று வரும். ஒரு பெட்டியைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், 'கில் மாரி, ஒய் ஆர் என்' என்று, மாரியைக் கொல்லவா வேண்டாமா என்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில் கேட்கும். டெஸ்டிங்கில் அந்த 'ஒய்'யை நான் அமுக்க வேண்டும். அமுக்குவதற்கு முன் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

"என்னக்கா, ஆத்தா பர்மிஷன் குடுத்தாச்சா? அமுக்கலாமா?" என்பான் கோபி.

"நீ அமுக்கேன்டா."

"ஐயையோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா."

சிரிப்பு அடங்கியதும் மணிமாறன் சார் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் முதலாளியிடம், "சார், இது நமக்குப் புரியுது. வெளியில உக்காந்து பாக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டார். "சொல்லிக்குடுத்தா புரிஞ்சுண்டுட்டுப் போறா. இதுல என்ன கஷ்டம்?" என்றார் முதலாளி. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அடையாறில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. எங்களுக்கு அதுதான் முதல் பெரிய இடம். அங்கே நன்றாக ஓடினால் அந்தப் பெரிய டாக்டரம்மா சொல்லி இன்னும் நாலு ஆஸ்பத்திரி கிடைக்கும் என்று முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் அறையில் இடமில்லை என்று கம்ப்யூட்டரை வாசல் கவுண்டரில், டெலிபோன் பக்கத்தில் வைத்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம்.

நாங்கள் பழக்கிவிட்டு வந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் இடத்தில் தனலட்சுமியை உட்கார வைத்தார்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். மாமியாரோடு மீன் விற்றுக்கொண்டிருந்தவள், ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு வந்து, குரல் கணீரென்று இருக்கிறதென்று டெலிபோனுக்கு ஏறியவள். புருஷனுக்குத் தோளில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியவில்லை. அவள் சம்பளத்தில்தான் உலை. குப்பத்தில் அவளைக் 'கம்ப்யூட்டர் தனம்' என்று கேலியாகவும் பெருமையாகவும் கூப்பிடுவார்கள். திரையைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: சிவப்பு வந்தால் எலக்ட்ரீஷியன் முருகேசனிடம் சொல்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் போன் வந்தது. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கிறது. எங்கள் சாமான் ஒரு எச்சரிக்கையும் கொடுக்கவில்லை என்றார்கள். தியேட்டரில் இருந்த சிஸ்டர், ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதக்கிற குண்டு கீழே இறங்குவதைத் தற்செயலாகப் பார்த்து, பக்கத்தில் இருந்த சின்ன சிலிண்டருக்கு மாற்றியிருக்கிறார். அம்மன் புண்ணியத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடனே வரச் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்கு ஒயரிங் செய்தது நான் என்பதால் முதலாளியும் மணிமாறன் சாரும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் நான் அம்பாளை வேண்டிக்கொண்டே போனேன். என் கை வைத்த இடத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் என்ன செய்வேன்?

சிலிண்டர்கள் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக நின்றன. மணிமாறன் சார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார். பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அதன் பிளக் கீழே கிடந்தது. அந்த இடத்தில் ஒரு வெந்நீர் கெட்டிலின் பிளக் செருகியிருந்தது. யாரோ ஒரு நோயாளியின் வீட்டார் காப்பிக்கு வெந்நீர் போட்டிருக்கிறார்கள். திரும்பச் செருகினோம். விளக்கு எரிந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, "உன் கை சுத்தம், விஜயா" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. பிளக் பிடுங்கியதும், 'கற்பகம் டெட்' என்று திரையில் சிவப்பாக வந்திருக்கிறது. தனலட்சுமி முருகேசனைத் தேடியிருக்கிறாள். அவன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். கவுண்டரைச் சுற்றி ஜனம். அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முருகேசன் வரட்டும் என்று காத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் ஆக்சிஜன் தீர்ந்தது.

மேலே டாக்டரம்மா அறையில் அவளை நிற்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அன்று ஒரு தாயும் பிள்ளையும் தப்பியது மயிரிழையில்.

"திரையைத் திருப்பினதுக்குக் காரணம் கேட்டா, சாமி பேரு, வெள்ளிக்கிழமைங்கிறா. ஆஸ்பத்திரியில மூடநம்பிக்கைக்கு இடமில்லை. இவளை நிறுத்திட்டேன்" என்றார்.

முதலாளி ஆறுதலாக மூச்சு விட்டார். "எங்க பெட்டி சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கு டாக்டர். பார்க்க வேண்டியவா பார்க்கலை."

தனலட்சுமி வெளியே போனாள். மணிமாறன் சாரும் அவள் பின்னாலேயே போனார். எனக்கென்னவோ உள்ளே உட்கார முடியவில்லை; நானும் போனேன். வராந்தாவில் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே கேட்டார்.

"சிவப்பு வந்தப்போ அது ஏதோ கோளாறுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரியாம இன்னா சார்? அதான் முருகேசனைத் தேடினேன்."

"எது கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

"அது எப்டி தெரியும்? கற்பகம்னு போட்டுக்கீது. இங்க கற்பகம் எங்க கீது, நீயே சொல்லு."

"சரி. சிஸ்டருங்ககிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமில்லையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"இன்னான்னு சொல்றது சார்? பிரசவ வார்டுல, நாலு பொம்பளைங்க வலில கத்திக்கினு கீறாங்க. வாசப்படில அவங்க அம்மாக்காரிங்க உக்காந்துக்கினு சாமி கும்புட்டுக்கினு கீறாங்க. நான் போய் 'கற்பகம் செத்துப்போச்சு'ன்னு சொல்லணுமா? எந்த வாயால சொல்றது? எட்டாவது வரிக்கும் படிச்சிக்கிறேன், டெட்டுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். அந்த எழுத்தைப் பாத்துட்டு ஒரு அம்மா வெவரம் கேட்டுச்சு. அதான் திருப்பி வெச்சேன்."

மணிமாறன் சார் கடைசி வார்த்தை வரை கேட்டார். பிறகு, "நன்றிங்கம்மா" என்றார். திரும்ப உள்ளே போய், டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரே நின்று சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"டாக்டர், எங்க திரை அந்தம்மாவுக்கு எதுவும் சொல்லல. எங்க போகணும், என்ன ஆச்சுன்னு சொல்லல. வாயில எடுத்து இன்னொருத்தர்கிட்ட சொல்லவும் முடியாத வார்த்தையைக் கொடுத்திருக்கு. தப்பு எங்களுது. அவங்களை நிறுத்தாதீங்க."

"அப்படின்னா உங்க சாமானை நான் ஏன் வெச்சிருக்கணும்?" என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்துச் சொல்வதாக டாக்டரம்மா எங்களை அனுப்பிவிட்டார். தனலட்சுமியை வேலைக்கு வரச் சொல்லவும் இல்லை.

திரும்பும்போது முதலாளிதான் காரை ஓட்டினார்; அடையாறு பாலம் வந்தது. பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அங்கேதான் வெடித்தார்.

"மாறா, உன்னை யாரு வக்காலத்து வாங்கச் சொன்னா? நம்ம பெட்டி ஒழுங்காத்தானே வேலை செஞ்சுது? இத்தனை பேர் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கே."

மணிமாறன் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும். உனக்கு சாமி பேர் ஆகாது. எடுக்கறதுக்குச் சமயம் பார்த்துண்டிருந்தே. இன்னிக்குக் கிடைச்சுது."

"சார், எனக்கு அந்தப் பேர் மேல கோபம் இல்ல."

"நீ பேசாதே. விஜயா, நீ சொல்லு. நீ தினம் அம்மன் கோயிலுக்குப் போறவ. நான் பேர் வெச்சது தப்பா?"

பின்சீட்டில் நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருக்கும் கண்ணாடியில் அவர் கண்கள் என்னையே பார்த்தன. அந்த மனிதர் என் பெரியவளின் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கேட்காமலே சிபாரிசு செய்தவர். பக்தியில் என்னைவிடப் பத்து மடங்கு. அவர் எதிர்பார்த்த பதிலைச் சொல்லிவிட்டால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் வராந்தாவில் அந்தப் பெண் கேட்டது காதில் நின்றது. எந்த வாயால சொல்றது?

"சார், பேர் வெச்சது தப்பில்ல," என்றேன். "எங்க வீட்டுல என் சின்னவனுக்கு வேலன்னு பேர். எங்க மாமனார் பழனிக்கு வேண்டிக்கிட்டு வெச்சது. அவன் என்ன சேட்டை பண்ணினாலும் அந்தப் பேரைச் சொல்லித் திட்ட மாட்டோம் சார். திட்டறதுக்குன்னே குண்டான்னு இன்னொரு பேர் வெச்சிருக்கோம். அம்மன் பேருக்குப் பக்கத்துல டெட்டுன்னும் கில்லுன்னும் போட்டு நாமளே அமுக்கறோமே. நான் தினம் கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் அமுக்கறேன். அந்தப் பொண்ணுக்கும் மனசு வரல. அவ்வளவுதான் சார்."

கண்ணாடியில் இருந்த கண்கள் ரோட்டுக்குத் திரும்பின. கார் நகர்ந்தது. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளி வழக்கம்போல் விபூதி மணக்க வந்தார். நேராகக் கோபியின் மேஜைக்குப் போனார். "பேரெல்லாம் மாத்தணும்னா எத்தனை நாள் ஆகும்?"

"சார், அது பாயாசத்துல சர்க்கரை மாதிரி எல்லா இடத்துலயும் கலந்திருக்கு. எடுக்க ஆரம்பிச்சா புரோகிராமே நிக்காது" என்றான் கோபி.

முதலாளி முகத்தில் ஒரு கஷ்டம் தெரிந்தது. தன் கையால் வைத்த பேரை எடுக்கச் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை. மணிமாறன் சார் அப்போது டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதையும் எடுக்க வேணாம் சார். உள்ள கற்பகமே இருக்கட்டும். வெளியில காட்டறப்போ மட்டும் அதுக்குப் பதிலா வேற பேர் வரட்டும். மூலவர் உள்ளதானே சார் இருப்பார்? வீதிக்கு வர்றது உற்சவர்தானே."

நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். முதலாளி மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன்டா, கோயிலுக்கே போகாதவன் நீ. உனக்கு இதெல்லாம் எப்படிடா தெரியும்?"

"மாட வீதியில பொறந்தவன் சார். கும்பிடலைன்னா கண்ணு தெரியாதா?"

"அக்கா, சாருக்குக் கற்பூரம் காட்டுங்க" என்றான் கோபி. ஆனால் அப்போதே விசைப்பலகையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஒரு பேர், வெளியே ஒரு பேர். இரண்டையும் இணைக்க ஒரே ஒரு இடம். இனி எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெளிப் பேரை மட்டும் அந்த இடத்தில் மாற்றினால் போதும்.

வெளிப் பேரை யார் வைப்பது என்பதில் மணிமாறன் சார் ஒரு முறை வகுத்தார். அந்தச் சாமான் கெட்டால் அங்கே ஓட வேண்டியவர் யாரோ அவரிடம் கேட்க வேண்டும். 'இதற்கு என்ன பேர் வைக்கலாம்' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் அழகான பேராக யோசிப்பார்கள். 'இது கெட்டுப்போச்சுன்னா இன்னொருத்தரிடம் எப்படிச் சொல்வீங்க' என்று கேட்க வேண்டும். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில், அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லக் கூசினால் அந்தப் பேர் வேண்டாம். நான் ஓய்வு பெறும் வரைக்கும் இந்த முறையை ஒரு இடத்திலும் மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் பெட்டியைப் பற்றிக் கேட்டோம். சிஸ்டர்கள் 'மெயின் சப்ளை' என்றார்கள். சிலிண்டர்கள் வரிசையாக நிற்பதால் முருகேசன் 'பேங்க்' என்றான். "திரையைப் பாக்கறவங்ககிட்ட இன்னும் கேக்கலையே" என்றார் மணிமாறன் சார். அவள்தான் வேலையில் இல்லையே என்றேன். "அதனால கேக்காம விட்டா, அது வேற தப்பு" என்று சொல்லிவிட்டு குப்பத்துக்கு நடந்தார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் படகுகளுக்கு நடுவே சந்து சந்தாக விசாரித்துப் போனோம். தனலட்சுமி மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீனை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார், மீன் வாங்கவா வந்தீங்க?"

மணிமாறன் சார் மணலில் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

"நல்லா கீது கதை," என்றாள். "வேலையை வுட்டுத் தூக்கியாச்சு. இப்ப வந்து பேர் கேக்கிறீங்க. பேர் வெக்க நான் இன்னா ஐயரா?"

மாமியார்க்காரி சிரித்துவிட்டாள். "சொல்லேன்டி. கம்ப்யூட்டரு உன்னைத் தேடிக்கினு வந்துகீது."

"மாடிப்படிக்குக் கீழ சிலிண்டர் நிக்குதே, அது கெட்டுப்போச்சுன்னா முருகேசன்கிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

"எப்டி சொல்றது? மாடிப்படி ஆக்சிஜனைப் போய் பாருடான்னு சொல்வேன்."

"அந்தப் பெட்டிகிட்டேருந்து தகவலே வரலைன்னா? டெட்டுங்கிறதுக்குப் பதிலா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போன்ல கூப்ட்டா எடுக்கலைன்னா இன்னா சொல்வோம்? பதில் இல்லன்னுதான்."

மணிமாறன் சார் என்னைப் பார்த்து, "சத்தமா சொல்லுங்க விஜயாம்மா" என்றார். "மாடிப்படி ஆக்சிஜன், பதில் இல்ல" என்றேன். யாரிடமும் சொல்லலாம். பிரசவ வார்டு வாசலிலேயே நின்று சொல்லலாம். அந்தக் காலத்துத் திரையில் தமிழ் எழுத்து வராது. கோபி அதை ஆங்கில எழுத்திலேயே தமிழாகப் போட்டான். மருந்து ஃப்ரிட்ஜ் 'குழந்தை ஊசி ஃப்ரிட்ஜ்' ஆயிற்று. ஜெனரேட்டர், 'பின்வாசல் ஜெனரேட்டர்'.

டாக்டரம்மாவிடம் பேச முதலாளியே கிளம்பினார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் அவர் உட்காரக்கூட இல்லை. "அன்னிக்கு என் ஆள் சொன்னதை நான் மறுத்தேன். அவன் சொன்னதுதான் சரி, டாக்டர். எங்க திரையை மாத்திண்டு வந்திருக்கோம். உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா சாமானைக் கழட்டிண்டு போயிடறேன். ஆனா அந்தப் பொண்ணை வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கோ" என்றார்.

தனலட்சுமிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், நுனியில் உட்கார்ந்தாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மா மாடி வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவுண்டருக்குப் பக்கத்தில் நோயாளியின் வீட்டார் மாதிரி உட்கார்ந்து, முந்தானைக்குள் கையைக் கூப்பிக்கொண்டேன். டெலிபோன் அடித்தது. தனலட்சுமி எடுத்து, எந்த டாக்டர் எத்தனை மணிக்கு என்று யாருக்கோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மணிமாறன் சார் படிக்கட்டுக்கு அடியில் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

திரை சிவந்தது. அவள் பேசிக்கொண்டே தலையைத் திருப்பி ஒரு தரம் படித்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"முருகேசா, மாடிப்படி ஆக்சிஜன் பதில் இல்ல. எவனோ பிளக்கைப் புடுங்கிக்கிறான், ஓடு." பின்னாலேயே, தியேட்டர்ப் பக்கம் போன ஒரு சிஸ்டரிடம், "அக்கா, மேல ஆக்சிஜன் குண்டைப் பாத்துக்கோ" என்றாள். கையை எடுத்துவிட்டுப் போனில், "ஆங், சொல்லும்மா, நாளிக்கு வர்றியா?" என்று தொடர்ந்தாள்.

முருகேசன் ஓடினான். சிஸ்டர் மாடி ஏறினார். சுற்றி உட்கார்ந்திருந்த ஜனத்தில் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறைந்தது. டாக்டரம்மா படியிறங்கி வந்து, போனை வைக்கும் வரை காத்திருந்தார்.

"தனலட்சுமி, விட்டுப்போன நாளுக்கெல்லாம் லீவு எழுதிக்குடு. நாளைக்கு நேரத்தோட வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் அப்போதுதான் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலாளி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மணிமாறன் சாரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் இறைவனடி சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கடைசி வரை புதுப் பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பேர் சூட்டிக்கொண்டுதான் இருந்தார். உள்ளே அந்தப் பேர்களெல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. மணிமாறன் சார் இன்றும் கோயிலுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்து நான் ஒரு விளக்கு போடுகிறேன். அவரிடம் சொல்லவில்லை.

இப்போது எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்த ஒரு பையனின் கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு ஆயாவாம். கம்ப்யூட்டருக்குத் தோஷம் என்று துண்டு போட்டு மூடி, கற்பூரம் ஏற்றினாளாம். அதனால்தான் கம்பெனியில் பேர் மாற்றினார்களாம். எனக்கு இலையில் கை போகவில்லை. வேறொரு இடத்தில், சாமி பிடிக்காத ஒருவர் சண்டை போட்டு அம்மன் பேரை எடுத்துவிட்டார் என்று கேட்டேன். இன்னொரு இடத்தில் முதலாளியைப் பிடிவாதக்காரர் ஆக்கியிருந்தார்கள்.

நடந்தது நான் எழுதியிருப்பதுதான். படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். சுவைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டாம், சங்கடமென்று ஒன்றை விட வேண்டாம். துண்டும் இல்லை, கற்பூரமும் இல்லை. சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாததைச் சொல்ல மறுத்த ஒரு பெண் இருந்தாள். யாரோ ஒரு ஆயா என்று சொல்லாதீர்கள். அவள் பேர் தனலட்சுமி.